பதினொன்றே முக்கால் மணி இருட்டு

மகள் இங்கிலாந்துக்குப் போன முதல் குளிர்காலத்தில், பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு எனக்கு இருட்டிவிடும்.

திருச்சுழியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். பதினொன்றே முக்காலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருக்கும். மனுக் கொடுக்க வந்தவர்கள் வேப்பமரத்து நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்காருவார்கள். அப்போது போன் அடிக்கும். எடுத்தால் அதற்குள் ஈரமான ஒரு தெரு, விடியாமல் கிடக்கும்.

மகளுக்கு அங்கே ஒரு சின்ன டவுனில், வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் வேலை. அந்த ஊர் நேரத்துக்குக் காலை ஏழு மணிக்கு ஷிப்டு. ஆறேகாலுக்கு, எங்களுக்குப் பதினொன்றே முக்காலுக்கு, வீட்டை விட்டுக் கிளம்புவாள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடக்க வேண்டும். தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, ரோடு தெரிகிற மாதிரி போனை முன்னால் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான். நாங்கள் பெரிதாகப் பேசிக்கொள்ளவும் மாட்டோம். நான் பேசுகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நான் மெஷினில் தாளை வைத்து மூடுவேன். மூடிக்குக் கீழே பச்சை வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும். மேஜையில் சாய்த்து வைத்த போனில் மஞ்சள் விளக்குக் கம்பம் ஒவ்வொன்றாக வந்து மறையும். மகள் விடும் மூச்சு புகையாக எழுந்து, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி படத்தை மங்கலாக்கும். ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகள். எல்லாம் சாத்திக் கிடக்கும். தார் ரோட்டில் விளக்கு வெளிச்சம் தண்ணீராக ஓடும். சில நாள் எனக்கே பாதம் குளிர்ந்துவிடும். "யக்கா, ரெண்டு காப்பி கேட்டேன், அஞ்சு போட்டுட்டீகளே" என்று யாராவது சொன்ன பிறகுதான் வெயிலுக்குத் திரும்பி வருவேன்.

களவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற புகார், அதற்குக் கொடுக்கிற ரசீது எல்லாம் நகல் எடுக்க எங்கள் கடைக்குத்தான் வரும். படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன்; கண் கேட்காது. கிடையில் அடைத்திருந்த ஆடுகள் காணோம். கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பந்தல்குடிப் பக்கம் மெயின் ரோட்டில் நடந்துபோன அம்மாவின் செயினை, பைக்கில் வந்து பறித்துவிட்டார்கள். இத்தனை வருசம் இதையெல்லாம் நகலெடுத்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். எல்லாமே யாரும் பார்க்காத இடத்தில் நடந்திருக்கும். ஒரு கண் விழித்திருந்தால் அந்த இடத்தில் எதுவும் நடந்திருக்காது.

எங்கள் தெருவில் ஒரு பெண் நேரம் கெட்ட நேரத்தில் கிளம்பினால் நான்கு வீட்டுக்குத் தெரியும். மில்லுக்கு விடியுமுன் போகிறவள் போகிற வழியில், முழித்திருக்கிற வீட்டு முன்னால் ஒரு நொடி நின்று, "வாரேன்த்தே" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். உள்ளே இருப்பவள் யாரோ எவளோ, சொந்தம் இல்லாவிட்டாலும் அத்தைதான். கிளம்பிப் போனவளை ஒருத்தி பார்த்தாள் என்பதுதான் கணக்கு. கூச்சத்தால் வாய் வராத நானுங்கூட, கையை மட்டுமாவது தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவேன்.

கடைக்காரத் தம்பி ஒருநாள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"யக்கா, இந்தா பாருங்க, உங்க மக ஊரு. எந்தெந்தத் தெருவுல என்ன களவுன்னு போலீஸே படம் போட்டு வச்சிருக்கு."

படத்தில் தெருக்கள் நரம்பு மாதிரி ஓடின. அதன் மேல் வட்டம் வட்டமாக இருந்தது. கடைவீதிப் பக்கம் வட்டங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

"இம்புட்டும் களவா தம்பி?"

"அமுக்கிப் பாத்தேன்க்கா. பாதி, தெருவுல நின்னு சத்தம் போட்டாங்க, குடிச்சிட்டுக் கத்துனாங்க, அதான்."

"அதெல்லாமா எழுதுவாக?"

"அங்க எழுதுறாக. நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு இப்படிப் போட்டா வட்டத்துக்கு எடம் பத்தாது. ஆட்டுக்கே தனிக் கலரு வேணும்."

சிரித்தேன். ஆனால் மகள் நடக்கிற அந்த வீட்டுத் தெருவைத் தேடிப் பார்த்தபோது, அங்கேயும் தனியாக ஒரு வட்டம் இருந்தது. வீடு புகுந்து களவு என்று தம்பி படித்துச் சொன்னார்.

மறுநாளிலிருந்து போனில் நான் வேறு மாதிரி நடந்தேன். விழித்திருக்கும் கண் ஒன்றைத் தேடிக்கொண்டே போனேன். ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது. தெரு வளைகிற இடத்தில், கீழ் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஓரத்தில் ஒரு நரைத்த தலை. ஒரு கிழவி டீக் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த இருட்டில் அந்த ஜன்னல், தண்ணீரில் மிதக்கிற விளக்கு மாதிரி இருந்தது.

"ஏத்தா, நில்லு. அந்த அம்மா முழிச்சிருக்காக. அவுகளுக்கு உன் மூஞ்சி தெரியட்டும். கையைத் தூக்கிக் காட்டு."

"யம்மா, இங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டாக."

"ஒரு நாளைக்கு நீ வரலேன்னா, அந்தப் புள்ளையக் காணமேன்னு நினைக்க ஒரு ஆளு வேணும்ல."

"அவுக என்னைப் பாக்கவே மாட்டாகம்மா. டீயைத்தான் பாப்பாக."

"பாக்குற வரைக்கும் நில்லு."

நின்றாள். கையைத் தூக்கினாள். தினமும் அந்த இடத்தில் நின்று கையைத் தூக்குவது வழக்கமாகிவிட்டது. கிழவி பதிலுக்குக் கை காட்டியதில்லை. ஒருநாள் சட்டென்று எழுந்து நின்றார். நம்மைக் கண்டுகொண்டார் என்று எனக்குச் சந்தோஷம். அன்று முழுவதும் யார் எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே நகல் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் திரை இழுத்து மூடியிருந்தது. அதற்கடுத்த நாள் விளக்கே இல்லை.

எங்கள் ஊரில் தினமும் விளக்கு எரிகிற வீட்டில் ஒருநாள் எரியாவிட்டால் என்ன நினைப்பார்களோ, அதையே நினைத்தேன். உடம்புக்கு முடியாமல் விழுந்து கிடக்கிறாரோ!

"தாயி, ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வா."

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

"வயசானவுகளப் பாக்குறதுதானே உன் வேலை? ஒரு எட்டுதான். வாசக் கேட்டு தொறந்துதானே கெடக்கு."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. கேட்டைத் தள்ளி உள்ளே போனாள். குளிருக்குக் கோட்டோடு சேர்ந்த முக்காடு தலையில். போனில் இருந்த டார்ச்சைப் போட்டு ஜன்னல் கண்ணாடியில் அடித்தாள். திரை அசைந்த மாதிரி இருந்தது. "ஒண்ணும் தெரியலம்மா" என்று சொல்லி வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, வழக்கமான நேரத்தில் போன் வரவில்லை. பன்னிரண்டு ஆனது. வெயில் வெயிலாகவே இருந்தது, இருட்டவே இல்லை. ஆடு காணோம் என்ற புகாரை நகல் எடுக்க வந்தவருக்குத் தாளைத் தலைகீழாக வைத்துக் கொடுத்தேன். மூன்றரை மணிக்கு மகள் கூப்பிட்டாள். விடுதியின் ஏதோ ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் பேசினாள்.

"யம்மா, நேத்து ராத்திரி என் ரூமுக்குப் போலீஸ் வந்தாக."

அந்தக் கிழவிதான் சொல்லியிருக்கிறார். ஒரு மாதமாக யாரோ தினமும் விடியுமுன் தன் வீட்டு முன்னால் நின்று போனில் படம் எடுக்கிறார்கள். கையைத் தூக்கி யாருக்கோ சைகை காட்டுகிறார்கள். ஒருநாள் உள்ளேயே வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் படத்தில் நான் பார்த்த அந்தத் தனி வட்டம் அவர் வீடுதான். சில மாதத்துக்கு முன் அங்கேதான் களவு போயிருக்கிறது. அதிலிருந்து அவர் தூங்குவதில்லை. பயத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தவர், எங்களால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வந்தது ஒரு பொம்பளைப் போலீஸ். மரியாதையாகத்தான் பேசினாராம். வாசல் மணியில் இருந்த கேமராவில் பதிந்த படத்தைக் காட்டினாராம். மகள் அதை எனக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டியதும் இல்லை. முக்காடு, டார்ச், எட்டிப் பார்க்கிற முகம். எனக்குத் தெரிந்தது. 'சந்தேகத்திற்கு இடமான முறையில் நின்றுகொண்டிருந்த நபர்' என்ற வரியை எத்தனை நகல் எடுத்திருப்பேன்! அந்த நபருக்கு ஒரு முகம் இருக்கும் என்று அதுவரை நினைத்ததே இல்லை.

"வேலைக்கு எதுவும் வந்துருமா தாயி?"

"தெரியலம்மா. விடுதிக்குத் தெரிஞ்சா கேப்பாக. விசாவே இவுக குடுத்ததுதான்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அந்தம்மா பரவாயில்லைன்னு சொல்லிட்டா இதோட முடிச்சிரலாம்னு போலீஸ் சொன்னாக. சனிக்கிழமை பகல்ல வரச் சொல்லியிருக்காக. நீயும் லைன்ல இருக்கணும். நீ சொல்லித்தான் செஞ்சேன்னு சொன்னா யாரும் நம்பல."

சனிக்கிழமை அங்கே காலை ஒன்பது, இங்கே மத்தியானம் இரண்டரை. ஆபீசுக்கு லீவு; கடையில் கூட்டம் இல்லை.

"யக்கா, நான் வேணா பேசட்டா? எனக்கு இங்கிலீசு ஓரளவுக்கு வரும்" என்றார் தம்பி.

"வேணாம் தம்பி. தப்பு பண்ணது நானு."

"பாத்துப் பேசுங்க. நீங்க பேசுறது நம்ம ஊருக்கே கேக்காது."

அன்றைக்குத்தான் அந்தத் தெருவைப் பகலில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தெருவே இல்லை அது. வானம் தாழ்வாக, கழுவின ஈயப் பாத்திர நிறத்தில் இருந்தது. உள்பக்கம் சங்கிலி மாட்டியபடியே கதவு கொஞ்சம் திறந்தது. மகள் பக்கத்தில் அந்தப் பொம்பளைப் போலீஸ் நின்றார். மகள் போனைத் திருப்பினாள். கிழவியின் முகம் திரை முழுவதும் வந்தது. கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு. அது என்னால் வந்தது.

மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒரே இங்கிலீசு வார்த்தை 'சாரி'. அந்த நேரத்துக்கு அது மறந்துபோனது. தமிழில்தான் பேசினேன்.

"தாயே, எங்க ஊர்ல முழிச்சிருக்கிற வீட்டுக்குக் கையைக் காட்டிட்டுத்தான் போவோம். எம்மக இருட்டுல தனியாப் போகுது. நீங்க ஒரு ஆளு பாத்தாப் போதும்னு நினைச்சேன். நாந்தான் நிக்கச் சொன்னேன். உள்ள போயிப் பாக்கச் சொன்னதும் நாந்தான். உங்களுக்கு முடியலையோன்னு நினைச்சேன். அவ மேல தப்பு இல்ல."

இவ்வளவு நீளமாக வேற்று ஆளிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. மகள் மெதுவாக இங்கிலீசில் சொன்னாள். கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"பகல்ல வந்து கதவைத் தட்டி இதைச் சொல்லியிருக்கலாமேங்கிறாகம்மா."

எவ்வளவு சின்ன விசயம். ஒரு மாதம் தினமும் அந்த வாசலில் நின்றும், எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

கிழவி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். என் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்தார். "உனக்குப் பின்னாடி ஏன் இவ்வளவு வெளிச்சம்னு கேக்காகம்மா." நான் போனைத் திருப்பி ரோட்டைக் காட்டினேன். வெயிலைத் தவிர அங்கே காட்ட ஒன்றும் இல்லை. கருவேல மரங்கள், ஒரு லோடு ஆட்டோ, நடு ரோட்டில் அவசரமில்லாமல் நின்ற இரண்டு ஆடுகள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஆடுகள் யாருடையவை என்று கேட்டாராம். எனக்குக் கை வலித்தது, போனை இறக்கவில்லை. அந்தப் பக்கம் சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.

அவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். போலீஸ் குறித்துக்கொண்டு போனார். விடுதியிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது கிழவி மகளிடம் கொஞ்சம் கடுமையாகவே ஒன்று சொன்னாராம். இந்த ரோட்டில் போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு போகாதே. சைக்கிளில் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், தோள்பைக்குள் வை என்று.

அதனால் இப்போது எனக்குத் தெரு தெரிவதில்லை. லைன் மட்டும் இருக்கிறது. பதினொன்றே முக்காலுக்குப் போனைக் காதில் வைத்தால், மகளின் பைக்குள் நான் இருக்கிறேன். துணி உரசுகிறது. சாவிக்கொத்து குலுங்குகிறது. ஈர ரோட்டில் அவள் காலடி ஒரே சீராகக் கேட்கிறது. தெரு வளையும் இடம் எத்தனையாவது அடியில் வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று நான் கேட்டதில்லை. காலடி அங்கே நிற்பதில்லை. ஒரு கையைத் தூக்கி இறக்குகிற நேரம் கொஞ்சம் மெதுவாகிறது, பிறகு போய்க்கொண்டே இருக்கிறது.