இடப்பக்கம் மட்டும்

துறைமுகத்தில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எந்த இயந்திரத்தைப் பிரிப்பதானாலும், எதைக் கழற்ற வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்று முதலில் எழுதிக்கொள்வோம். என் இடது சினைப்பையில் இருந்த கட்டி புற்றுநோயாக இருக்கலாம், ஆரம்ப நிலைதான் என்று காரைக்காலில் சொல்லி, புதுச்சேரிக்கு அனுப்பியபோதும் அப்படித்தான் எழுதினேன். மொத்தம் ஒன்பது கேள்விகள். வலப்பக்கச் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் விட்டுவைக்க முடியுமா என்பது முதல் கேள்வி. எனக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. குழந்தை வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

புதுச்சேரி மருத்துவமனையில் நான் ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் எங்கள் பக்கத்துப் போலகத்து அம்மாள் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாத பெண்ணைப் பெண்கள் பிரிவுக்குக் கூட்டிவந்த செய்தி எங்கள் ஊர் சுரக்குடி வரை வந்துவிடும் என்று அம்மா பயந்துவிட்டாள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டு குழந்தைகள் என்று சொல்லிவிட்டாள். உடனே செவிலியர் விவரம் எழுத வந்து, கல்யாணம், குழந்தைகள் பற்றிக் கேட்டிருக்கிறார். போலகத்து அம்மாள் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா மறுபடியும் அதையே சொன்னாள்.

இது எதுவும் தெரியாமல் மருத்துவரிடம் என் தாளை நீட்டினேன். அவர் முதல் கேள்வியைப் படித்துவிட்டு, கோப்பைப் புரட்டினார்.

"ரெண்டு குழந்தை இருக்கே. அதனாலதான் எல்லாத்தையும் எடுத்துடலாம்னு எழுதியிருக்கேன்."

"யாருக்குங்க ரெண்டு குழந்தை?" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து நின்றாள். "நாந்தாங்க பொய் சொன்னேன். இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலிங்க."

"பேரப்பிள்ளைங்களுக்குப் பேரும் வச்சிட்டீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அவர் பழைய திட்டத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். இடது சினைப்பையையும் அதன் குழாயையும் மட்டும் எடுக்கலாம். சுற்றியுள்ள இடங்களிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பரவியிருந்தால் திட்டம் மாறும். பரவாவிட்டாலும், திரும்ப வருவதற்கான வாய்ப்பு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. தவறாமல் வந்து காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், உயிர் இருந்தால் போதும் என்றாள் அம்மா. அவளைக் குறை சொல்ல முடியாது. நான் மீதி எட்டுக் கேள்விகளையும் கேட்டு, பதில்களை எழுதிக்கொண்டேன். பிறகு, பரவியிருந்தால் எல்லாவற்றையும் எடுங்கள், இல்லாவிட்டால் இடப்பக்கம் மட்டும் என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

பரவவில்லை. கட்டி புற்றுநோய்தான், ஆனால் சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்தது. கீமோ தேவைப்படவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மாதவிலக்கு வந்தது. வலப்பக்கம் தன் வேலையைப் பார்க்கிறது. அம்மாவுக்குப் போன் செய்தேன். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "நல்லதுடி, வைக்கிறேன்" என்றாள். பிறகு போனை வைக்க மறந்து, கூட நின்ற பெண்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது:

"எம் பொண்ணுக்கு ஆபரேசன் ஆச்சுல்ல, வயித்துக் கட்டின்னு சொன்னேனே, அது கேன்சருடி. எதை எடுக்கணும், எதை எடுக்கக்கூடாதுன்னு டாக்டருகிட்ட அவளே எழுதிக் கேட்டா. நாளைக்கு ஒரு புள்ள பெத்துக்குவா."