ஈரம் பார்க்கிற வேலாயுதம் மாமா

என் அக்கா காமாட்சியம்மாளின் புருஷன் வேலாயுதம் மாமா யாரையும் நம்ப மாட்டார். பால்காரனிலிருந்து பஞ்சாங்கக்காரர் வரை அவருக்கு எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள்தான். முதலாளி வீட்டிலிருந்து பட்டு நூல் வந்தால் உடனே எடை போட மாட்டார். ஈர நூல் கனக்கும் என்று அரை நாள் நிழலில் உலர்த்தி, கையில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் தராசில் வைப்பார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற விஷயங்களில் என் பிராணனை வாங்கினார்.

நாங்கள் இருவரும் ஒரே தறியில் உட்காருவோம். தறிக்குழியில் கால் இறக்கி மிதிபலகையை மிதித்து அவர் சேலை உடலை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாக் கட்டையை விடுவது நான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் அவருடைய வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. நெசவாளர் முழங்கால்களை ஆராய மெட்ராஸிலிருந்து வந்த வேணுகோபால் என்ற டாக்டர் செவிலிமேட்டில் அறை எடுத்திருந்தார். அவரிடம் போனோம்.

"மூட்டுக்குள்ள குருத்தெலும்பு தேஞ்சிருக்கு. கட்டிப் போடாதீங்க. பாரம் கொடுக்காம மடக்கி மடக்கி நீட்டுங்க," என்றார். காசு வாங்கவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

"சும்மா பாக்குறானா? இதுல என்னமோ இருக்குதுபா," என்று சொன்ன மாமா, வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டியைக் கிழித்து முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டார். நாலு மாதம் அக்காவைக்கூடத் தொட விடவில்லை. அவருடைய இடத்தில் உட்கார நான் காத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்கு மனசே விட்டுப்போனது.

வைகாசியில் கால் மடங்கவே இல்லை. மடங்காத காலோடு குழியில் இறங்க முடியாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. அக்கா அழுத அழுகையில் மறுபடி டாக்டரிடம் போனோம்.

டாக்டர் ஆட்டு முட்டியிலிருந்து சீவிய குருத்தெலும்பில் கரண்டு அளக்கும் ஒரு பெட்டியின் இரண்டு கம்பிகளைச் சேர்த்து, மேலே ஒரு கட்டையால் அமுக்கினார். பெட்டியில் ஊசி துள்ளியது. அமுக்கியபடியே வைத்திருந்தால் மெல்லத் திரும்பியது. விட்டால் எதிர்ப்பக்கம் ஆடியது.

"இதுல முக்கால்வாசி தண்ணி. அமுக்கினா உப்புத் தண்ணி பிதுங்கி ஓடும். அந்த ஓட்டத்துல துளி கரண்டு பொறக்குது. இதுக்கு ரத்தக் குழாய் கிடையாது. தண்ணி போய் வந்தாத்தான் சாப்பாடு. அசைக்காம வெச்சா பட்டினி."

மாமா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "பெட்டியில பேட்டரி இருக்குது. ஊசி ஆடாம இன்னா பண்ணும்? நான் கொண்டாற எலும்புல காட்டுங்க."

கசாப்புக் கடைக்குப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. எங்களுடையது சைவ வீடு. வாழையிலையில் சுற்றிய முட்டியை மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கி வந்தேன். மாமா அதைப் பிடுங்கிக்கொண்டு, காக்காய்க்குக் காவல் இருந்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். ஈரத்தோடு எதையும் சோதிக்க விடுவாரா!

டாக்டர் சீவி எடுத்தது கொம்பு மாதிரி இருந்தது. அமுக்கினார். ஊசி அசையவில்லை.

"பாத்தியா கந்தா!" என்று மாமா என்னைப் பார்த்துக் கத்தினார். கால் போனாலும் பரவாயில்லை, தான் ஏமாறவில்லை என்ற அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காய வெச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பின்ன? ஈரத்தோட கொண்டாந்தா உண்மை எப்டித் தெரியும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதை உப்புத் தண்ணீரில் போட்டார். மாமா கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் அது வெளுத்து, உப்பி, வழுவழுப்பாகியிருந்தது. இந்த முறை மாமாவே அமுக்கினார். ஊசி துள்ளியது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் துள்ளியது.

அமுக்கிய கட்டையைக் கீழே வைத்துவிட்டு மாமா கேட்டார், "அப்ப நாலு மாசமா என் காலை நானே பட்டினி போட்டுக்கினு இருந்தேனா?"

"தேஞ்சது வளராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்," என்றார் டாக்டர். "தெனம் ஒருத்தர் பிடிச்சு மெதுவா மடக்கணும். நீங்க கத்தினாலும் விட்டுட்டுப் போகாத ஆள் வேணும்."

மாமா கட்டை அவிழ்த்துக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். அது சூம்பிப் போயிருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்க எடத்துக்கு நான் ஆசப்பட்டேன்னு அக்காகிட்ட சொன்னீங்களே மாமா?"

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் சந்தேகமாத்தான்பா இருக்குது," என்றார். "நீ மடக்கு."