பச்சைப் பெயிண்ட் அடித்த டிரம்

எண்பதுகளில் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். பிடித்து வைக்கப் பெரிதாக ஏதாவது கிடைக்குமா என்று ஒருநாள் பழைய சாமான் கடைக்குப் போனேன். உடைந்த நாற்காலிகளுக்கும் கப்பல் கயிறுகளுக்கும் பின்னால், மூடியோடு ஓர் இரும்பு டிரம் இருந்தது. புதுப் பச்சைப் பெயிண்ட். விலையும் மலிவு.

அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் என் அருகில் வந்தார். "அது எடுக்கண்டா சேச்சி. குடிக்கிற தண்ணி அதில வைக்கண்டா" என்று மலையாளம் கலந்த தமிழில் தடுத்தார். கடைக்காரர் முறைத்ததும் மூட்டைகளின் பக்கம் நகர்ந்தார்.

அவருக்கே அது வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். "முதல்ல பார்த்தது நான். நீங்க வேற தேடிக்குங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, டிரம்மைக் கைவண்டியில் ஏற்றி வந்தேன்.

மூன்று முறை கழுவியும் ஒரு நெடி போகவில்லை. பெயிண்ட் வாசனை என்று எண்ணி, மறுநாள் குழாயில் தண்ணீர் வந்ததும் நிரப்பினேன்.

சற்று நேரத்தில் அந்தத் தொழிலாளி வாசலில் நின்றார். கைவண்டிக்காரரிடம் விசாரித்து, தெருத் தெருவாகத் தேடி வந்திருந்தார். "ஆரும் குடிச்சில்லல்லோ?" என்று கேட்டபடியே உள்ளே வந்து, என் ஏழு வயது மகளின் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். நான் கத்தினேன். அவர் சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் மண்டையோட்டுப் படம் தெரிந்தது.

"பூச்சிமருந்து வந்த டிரம். கடையில வெச்சு பறஞ்சா என் பணி போகும் சேச்சி."

மகள் ஏற்கெனவே ஒரு வாய் குடித்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவர்தான். மூன்றாம் நாள்தான் அவள் கண் திறந்தாள்.

நான் பேசிய பேச்சுக்கு, அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், 'எப்படியோ போகட்டும்' என்று இருந்திருப்பேன்.