நான் செத்துப்போன சனிக்கிழமை

போன சனிக்கிழமை காலை நான் செத்துப் போனேன். நெஞ்சு வலி.

எனக்கே ஸ்பீக்கரில் கேட்டுத்தான் தெரியும்!

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் திருவிழா. பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மூச்சு வாங்க மேடு ஏறிக்கொண்டிருந்தேன். கோயில் ஸ்பீக்கரில் சாமிப் பாட்டு பாதியில் நின்றது. அடுத்து ஒரு பெண் குரல், அழுகையோடு...

“மிஸ்... எங்க கொட்டகல செல்வம் மாமா நெஞ்சு வலியில தவறிட்டாங்க மிஸ்... அசைன்மென்ட்ட இன்னைக்கு அனுப்ப முடியாது மிஸ்...”

கொட்டகலை செல்வம் நான்தான். குரல் என் அக்கா மகள் தர்ஷினியுடையது. ஹட்டனில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். என்ன படிப்பு என்கிறீர்களா? தகவல் தொழில்நுட்பம்!

கோயிலுக்குப் பாட்டுப் போடும் பொறுப்பு அவளுடையது — அவள் போனிலிருந்து, ப்ளூடூத்தில். கோயிலை ஒட்டிய லயத்து வரிசை வீடுகளில் ஒன்றுதான் அவள் வீடு. பாட்டை நிறுத்திவிட்டு, விரிவுரையாளருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிந்திருக்கிறாள். அனுப்புவதற்கு முன், அழுகை சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை. தோட்டமே கேட்டது.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முன்னால் வந்த ராக்கம்மா அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினார். “நம்ம செல்வம் போயிட்டானேப்பா!”

“அக்கா... நான்தாங்க செல்வம்.”

நிமிர்ந்து பார்த்தவர் போட்ட அலறலில் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. ஆனாலும், எனக்காக இத்தனை பேர் ஓடி வருவார்கள் என்று தெரிந்ததில் சந்தோஷம்தான். எத்தனை பேருக்கு அது உயிரோடு இருக்கும்போதே தெரிகிறது?

தர்ஷினி கோயில் வாசலில் தலை குனிந்து நின்றாள். நல்லவேளை, மெசேஜை இன்னும் அனுப்பவில்லை.

“ஏன் புள்ள, நான் உனக்கு என்ன செஞ்சேன்?”

“நாங்க நாலு பேருக்கு ஒரே லேப்டாப் மாமா. என் முறை திங்கக்கிழமதான் வரும். இன்னைக்கு அனுப்பாட்டி மார்க்ஸ் சைபர்.”

“அதையே சொல்ல வேண்டியதுதானே?”

“வெக்கமா இருக்கு மாமா. சாவுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

என்னால் திட்ட முடியவில்லை. படிக்கிற காலத்தில் நானும் ஒரு சித்தப்பாவைக் கொன்றிருக்கிறேன் — கடிதத்தில். அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வசதி கூட இல்லை, பாவம்.

பழைய மெசேஜை அழித்தாள். லேப்டாப் கதையையும், என்னைக் கொன்ற கதையையும் ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. போனைக் காதுக்குக் கொண்டுபோனவளைக் கோயில் தலைவர் தடுத்தார்.

“ஸ்பீக்கர்லயே போடு புள்ள. செத்ததக் கேட்டோம், பொழைச்சதையும் கேக்க வேணாமா?”

மலை முழுக்க மிஸ்ஸின் குரல் கேட்டது.

“தர்ஷினி, செவ்வாய்க்கிழமைக்குள்ள அனுப்புங்க. உங்க பெட்ச் பிள்ளைகளுக்கு ஏற்கனவே மூணு மாமா செத்துட்டாங்க. உயிரோட திரும்பி வந்தது உங்க மாமா ஒருத்தர்தான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ராக்கம்மா அக்கா மட்டும் கவலையோடு என்னிடம் கேட்டார்:

“அந்த மூணு பேருக்கும் விஷயத்த சொல்லிட்டாங்களாப்பா?”