கமலக்கண்ணன் போடாத பூட்டு

கமலக்கண்ணனுக்கு வயிற்றெரிச்சல் வந்தால் மறைக்கத் தெரியாது. ஆரணிப் பட்டுக்கடைகளுக்குப் பதினோரு வருடமாக வெப்சைட் செய்து தருகிறவர் அவர். நேற்று முளைத்த ஸ்டெஃபி, முள்ளிப்பட்டில் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரே வருடத்தில் அவருடைய ஆறு கடைகளைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள். அவள் பெயரை எடுத்தாலே அவருக்குக் குடிக்கிற டீ கசந்துவிடும்.

மிச்சமிருந்த பெரிய கடை ரேணுகாதேவியுடையது. ஆரணியில் புது பார்டரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாட்டார்கள். வைத்தால் மறுவாரமே எதிர்க்கடையில் அதே பார்டர் தொங்கும். தெரிந்த வியாபாரிகளை உள்ளறைக்கு அழைத்துத்தான் காட்டுவார்கள். அதே மாதிரி ஓர் உள்ளறை வெப்சைட்டிலும் வேண்டும் என்றார் ரேணுகாதேவி. வியாபாரிகள் புதிதாகப் பாஸ்வேர்டு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இருக்கிற மெயில் கணக்கைக் காட்டி உள்ளே வரட்டும் என்றார்.

"மொதல்ல சைட்டுக்குப் பூட்டு போடணும்னு ஸ்டெஃபி சொல்லுச்சே, தம்பி?"

பூட்டு என்றால் பாதுகாப்பான இணைப்பு. போவதையும் வருவதையும் நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. போட அரைமணி நேரம் போதும், செலவும் இல்லை. ஆனால் சொன்னது ஸ்டெஃபி ஆயிற்றே!

"சேலை விக்கிற கடைக்கு எதுக்குக்கா அதெல்லாம்? நீங்க என்ன பேங்க்கா நடத்துறீங்க?"

கமலக்கண்ணனின் கம்ப்யூட்டரில் எல்லாம் வெண்ணெயாக ஓடியது. வெளியே விட்டதும் ஒரு வியாபாரியாலும் உள்ளே நுழைய முடியவில்லை. மெயில் கம்பெனி ஒவ்வொருவரையும் வாசலிலேயே தடுத்தது. வெள்ளிக்கிழமை வந்தவாசி வியாபாரிகள் பார்டர் பார்க்க வேண்டும். அதற்குள் சரியாகாவிட்டால் இந்தக் கடையும் ஸ்டெஃபி பக்கம் போய்விடும். வியாழன் காலைவரை முட்டி மோதிப் பார்த்தார். கடைசியில் சந்தேகம் அவள்மேல்தான் போனது. போன் போட்டார்.

"என் சைட்ல இன்னா பண்ணி வச்சிருக்கே?"

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா. பூட்டு போட்டீங்களா?"

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடிகினு இருக்குதே!"

"சோதனைக்குன்னு அங்க மெயில் கம்பெனிக்காரங்க விட்டுடுவாங்கண்ணா. வெளிய பூட்டு இருந்தாத்தான் கணக்கப் பாத்துட்டு ஆள நம்ம சைட்டுக்குள்ள அனுப்புவாங்க. இல்லன்னா, அவங்க குடுத்தனுப்பற சாவிய வழியில எவனாவது அடிச்சிகினு போயிடுவானே."

போனை வைத்தார். அவள் ஏளனமாகச் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டைப் போட்டார். உடனே கதவு திறந்தது.

வெள்ளி மாலை ரேணுகாதேவி கூப்பிட்டார்.

"எல்லாரும் ஜல்தியா உள்ள வந்துட்டாங்க தம்பி. அடுத்த வருஷமும் நீங்களே பாருங்க."

கமலக்கண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாக்கா? அந்தப் பொண்ணால முடியுமா இதெல்லாம்?"

"புதன்கிழமையே அதுகிட்டதான் வேலையக் குடுத்தேன். 'அண்ணன் பாதிக்கு மேல முடிச்சிட்டாரு, நான் கைவச்சா நல்லா இருக்காது, ரெண்டு நாள் பொறுங்க'ன்னு திருப்பி அனுப்பிடுச்சி."

கடை தங்கிவிட்டது. போயிருந்தால், அவளைத் திட்டிக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பார். இப்போது திட்டவும் வழியில்லை. வயிறு மட்டும் முன்னைவிட அதிகமாக எரிந்தது.