கேட்டில் விட்டு வந்த அட்டை

மஸ்கட்டிலிருந்து என் கணவர் போனில் சொன்ன செய்தி இதுதான்: கம்பெனி ஆபீசில் ஏசித் தண்ணீர் ஒழுகி, அலமாரியில் வைத்திருந்த அவருடைய பாஸ்போர்ட் ஊறிக் கூழாகிவிட்டது. புதியதற்குத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர் அடையாள எண் ஒன்றை எழுதாமல் விண்ணப்பத்தை வாங்க மாட்டேன் என்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் விடுமுறை இல்லை. இந்த விடுமுறை கைவிட்டுப் போனால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர் விமானம் ஏறியபோது வயிற்றில் இருந்த மகள் இப்போது நடக்கிறாள். அப்பா என்றால் அவளுக்கு வீட்டுக்கார அம்மாவின் டெலிபோன்தான்.

"வாக்காளர் அட்டை வீட்டுலதான் கெடக்கும், நல்லாத் தேடு. நாளைக்கு மத்தியானம் கவுண்டர் மூடுறதுக்குள்ள கூப்புடுதேன்" என்று வைத்துவிட்டார்.

ஓசூரில் எங்களுக்கு இருந்தது லைன் வீட்டில் ஓர் அறை. அதில் தேட எவ்வளவு இடம் இருக்கும்? ஆனாலும் அரிசி டின்னைக் கவிழ்த்தேன், சாமி படங்களைக் கழற்றினேன், பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தேன். ரேஷன் கார்டு எண்ணைக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கல்யாணமானதும் கோவில்பட்டிப் பக்கம் மாமியார் வீட்டுக் கார்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். ஓசூரில் புதுக் கார்டு இன்னும் வந்தபாடில்லை. எனக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருந்தது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

காலையில் அவரே மறுபடி கூப்பிட்டார். பெட்டியைத் திறக்கச் சாவியை எடுத்தபோதுதான் ஞாபகம் வந்ததாம். வெளிநாடு போவதற்கு முன் அனுபவச் சான்றிதழ் வாங்கப் பழைய கம்பெனிக்குப் போனவர், கேட்டில் அட்டையைக் கொடுத்து டோக்கன் வாங்கியிருக்கிறார். திரும்பும்போது நண்பனின் லோடு வேனில் ஏறிப் பின்கேட் வழியாக வந்துவிட்டார். அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தவரை ஏஜென்ட் அவசரமாக ஏற்றிவிட்டான். அந்த டோக்கனைத்தான் இவ்வளவு நாளாகப் பெட்டிச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறார், ஊர் ஞாபகமாக!

"ஞாபகத்துக்கு வெக்க உங்களுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?" என்று கத்தினேன். மகளை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு, அந்தக் கம்பெனி இருந்த சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஓடினேன்.

ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேரட்டும் என்று பீடி பற்றவைத்தபோது அவனை அடித்துவிடலாம்போல் இருந்தது. பாதி வழியில் இறங்கி நடந்தேன். ஷிப்ட் பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

கேட்டில் இருந்த காவலாளி எல்லையோரப் பேரிகை ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கேட்டில் எல்லா பாஷையும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "டோக்கன் கொண்டா, கார்டு தரேன். அதாம்மா ரூல்சு" என்றார்.

"டோக்கன் மஸ்கட்ல இருக்குங்க."

"அப்ப மஸ்கட்ல இருந்து கொண்டா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பது சரிதான். அழக்கூடாது என்றுதான் வந்தேன், அழுதுவிட்டேன். கார்டு வேண்டாம், எண்ணை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சற்று இறங்கி வந்தார்.

"நீ அவரு சம்சாரம்தான்னு நான் எப்படிம்மா நம்பறது?"

என் வாக்காளர் அட்டையை நீட்டினேன். அதில் கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் இருந்தார். அவருடைய அட்டையில் நான் இருக்க மாட்டேன், அப்பா பெயர்தான் இருக்கும். அன்றைக்கு என் அட்டைதான் உதவியது. காவலாளி அதைப் படித்துப் பார்த்து, தன் மேசைமேல் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு பிளாஸ்டிக் டோக்கனைக் கொடுத்தார். "உள்ள வந்தா யாரா இருந்தாலும் டோக்கன்தான்" என்று ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தார்.

டின்னுக்குள்ளே அட்டைகளில் அவ்வளவு முகங்கள். வேலை கேட்டு வந்தவர்கள், வேலை போனவர்கள், அட்டையை மறந்து எங்கெங்கோ போனவர்கள். நடுவில் என் கணவர், திருட்டுக் கேசில் பிடிபட்டவர் மாதிரி முழித்துக்கொண்டு கிடந்தார். அவரைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. காவலாளியின் பேனாவை வாங்கிப் புறங்கையில் எண்ணை எழுதிக்கொண்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை, ஓடினேன்.

வீட்டுக்கார அம்மாவின் வாசலை மிதிக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். "எழுதியாச்சு. வரிசையில நிக்கேன், கவுண்டர்ல வாங்கிக்கிடுவான்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

மகள் வந்து என் இடது கையைப் பிரித்து எதையோ பிடுங்கினாள். டோக்கன்.

போனை மறுபடி காதில் வைத்தேன்.

"உங்களக் கரிச்சுக் கொட்டிட்டு நானும் டோக்கனோட வந்துட்டேன்."

சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "கிறுக்கி, ஓடிப் போயி வாங்கிட்டு வந்துரு."

"போக மாட்டேன். நீங்க வந்து சேருங்க, ரெண்டு பேருமாப் போயி எடுத்துக்கிடுவோம்."

அப்படியே செய்தோம். ஆனால் அவர் வந்து சேரும்வரை, அந்தக் கேட்டைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன். காவலாளி என் அட்டையையும் அந்த டின்னுக்குள்தானே போட்டிருப்பார். அந்த மாதங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருந்த ஒரே இடம் அதுதான்.