காகிதத்தில் நான் அண்ணன்

எங்கள் ஊர்ப் பள்ளியில் வயதைக் கையால் பார்ப்பார்கள். வலக்கை தலைக்கு மேலாகப் போய் இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது. எனக்கு நாலிலேயே தொட்டது. கை நீளம், அவசரம் அதைவிட நீளம். அக்கா அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மறுவருஷம் ஏழு வயதில் அவள் வந்தபோதும் வாத்தியார் ஐந்து என்றே எழுதினார். சேர்கிற எல்லோருக்கும் ஐந்துதான். ஆக, காகிதத்தில் நான் அண்ணன்.

நிலம் சுரங்கத்துக்குப் போய், அப்பாவுக்கு அங்கேயே வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் அது வெறும் கேலிதான்.

"இன்னாங்க அண்ணே, போயி பால் வாங்கிக்கினு வாங்க" என்பாள்.

பள்ளி இறுதி முடித்ததும் சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டாள். பதினேழு முடிந்திருக்க வேண்டும், சர்டிபிகேட்டில் பதினாறு. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் கல்யாணம் செய்துவிடுவார்கள். மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கியிருந்தது.

அப்பா விருத்தாசலம் போய் எங்கள் இருவரின் பிறப்புப் பதிவு நகலையும் ஒரே நடையில் வாங்கிவந்தார். அக்காவுடையதில் பெயர் இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும். பதிகிற அன்று எங்கள் பக்கம் யார் பெயர் வைத்தார்கள்?

அம்மா, அக்கா, நான் மூவரும் சுரங்க ஆபீசுக்குப் போனோம். சுரங்க அப்ரண்டிஸ் வேலைக்கு நான் போட்ட மனுவும் அதே கிளார்க்கின் மேஜையில்தான் இருந்தது. அதற்கும் பதினேழு முடிய வேண்டும்.

"உங்க பொண்ணு பையனுக்கு இளையவம்மா. இந்த நகல்ல இருக்கறது அவனுக்கும் மூத்தது. இது வேற கொழந்தை" என்றார் கிளார்க்.

"நான் பெத்ததே ரெண்டுதாங்க. எது மொதல்ல பொறந்திச்சின்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா செல்லாதும்மா. எழுத்துல இருக்கணும்."

எழுத்து என் சட்டைப்பையில் இருந்தது. என் பிறப்பு நகல்: அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்து, 'ஆண் குழந்தை'. அதைக் காட்டினால் எனக்குப் பதினாறுதான். மண் வெட்டும் அந்த ராட்சத இயந்திரங்களைப் பார்க்கவே தினமும் சைக்கிளில் சுரங்க ஓரம் போய் நிற்பவன் நான்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நகலை எடுத்து மேஜையில் வைத்தேன். "அக்காதான் சார் பெரியவ. என் வயசுதான் தப்பு."

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். அக்காவின் மனுவில் கையெழுத்துப் போட்டார். என் மனுவை என்னிடமே நீட்டினார். "அடுத்த வருஷம் வாப்பா."

மறுநாள் காலை பால் தூக்கை நான் எடுத்தேன்.

"வைடா" என்று பிடுங்கிக்கொண்டு அவளே போனாள்.